தீடை மணலிடம் கேட்ட கேள்விகள்

கடலடி மண்ணைக் குழாயில் பிடித்து வந்து, அது எங்கிருந்து, எப்போது, எப்படி வந்து படிந்தது என்று படிப்பது என் தொழில். படிவியல் என்று பாடநூல் சொல்லும். தொண்டியிலும் பாம்பனிலும் எங்களை ஏற்றிச் சென்ற படகுக்காரர்கள் ‘மண்ணு எடுக்குற சாருங்க’ என்றார்கள். கோடியக்கரையில் தொடங்கி தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரையிலான கரைதான் பணிக்காலம் முழுவதும் நான் உழன்ற இடம். அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னார் வரை கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் மணல் தீடைகளுக்காக 2007இல் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. அப்போதுதான் எங்கள் துறைக்காரர்களின் வீட்டுக்கும் முதல்முறையாக மைக்குகள் வந்தன.

அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை தெரியாமல் சண்டை புரியாது.

அலுமினியக் குழாயின் தலையில் அதிர்வு இயந்திரத்தைப் பூட்டிக் கடலடியில் நட்டால், அது அதிர்ந்து அதிர்ந்து மண்ணுக்குள் இறங்கும். சேறாக இருந்தால் சிரமமில்லை. மணல் இறுகியிருந்தால் அடம்பிடிக்கும். கீழே கடினப் பாறை தட்டினால் அதோடு நின்றுவிடும்; பிறகு துளைபோடும் கருவிதான் வேண்டும். குழாயை மேலே இழுத்ததும் முதல் வேலை, இரு முனையையும் மூடி எது மேல், எது கீழ் என்று அம்புக்குறி போடுவது. படகின் ஆட்டத்திலும் உப்புத்தண்ணீரிலும் இந்தச் சின்ன வேலை தவறினால் அந்தக் குழாயே வீண். கரைக்கு வந்து நெடுக்காக அறுத்துப் பிளந்தால் அடுக்குகள் தெரியும். கருஞ்சேறு என்றால் நீர் அமைதியாக நின்ற காலம். உடைந்த சிப்பியும் பருமணலும் கலந்து கிடந்தால் அலை புரட்டிப்போட்ட காலம், சில நேரம் ஒரே ஒரு புயலின் இரவு. பிறகு சல்லடையில் கழுவி நுண்ணோக்கியின் கீழே வைத்தால் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகள் வரும். மணல் துகள் அளவுதான் இருக்கும். எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அங்கே நீர் எவ்வளவு ஆழமாக, எவ்வளவு உப்பாக இருந்தது என்று கணிக்கலாம்.

கடைசியாகக் காலக் கணிப்பு. பவளம், சிப்பி போன்றவற்றுக்குக் கார்பன்-14. அந்த உயிர் எப்போது செத்தது என்பதை அது சொல்லும். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அதனால் எட்டிப் பார்க்க முடியாது. மணலுக்கு வேறு முறை இருக்கிறது: அந்தத் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன, எப்போது புதைந்தன என்று சொல்லும். இரண்டுமே நம்பகமான முறைகள். ஆனால் ஒரு கல்லை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யார், எது, எப்போது என்ற கேள்விக்குக் கல்லின் வயது பதிலாகாது. மாமல்லபுரத்துப் பாறை இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அதைச் செதுக்கியவர்கள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைத்தான் சொல்வேன்.

இனி அந்தச் சண்டையைக் கிளப்பிய சேதுக் கால்வாய்த் திட்டம். ஆல்ஃபிரட் டண்டாஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1860இல் முன்வைத்த யோசனை அது. இலங்கையைச் சுற்றாமல் கப்பல்கள் மன்னார் வளைகுடாவிலிருந்து வங்கக்கடலுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். விடுதலைக்குப் பின் 1955இல் ஏ.ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு அதை ஆராய்ந்தது. அரை நூற்றாண்டு தேர்தல் மேடைகளில் வாழ்ந்த அந்தத் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். பாதை அந்த மணல் தீடைகளை ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு போகும்.

மண் படிப்பவனுக்கு இதில் கேட்க எவ்வளவோ இருந்தது. பாக் விரிகுடா மிக ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் பத்து மீட்டரைத் தாண்டாது. வடகிழக்குப் பருவத்தில் ஒரு திசையிலும் தென்மேற்குப் பருவத்தில் எதிர்த் திசையிலும் நீரோட்டம் மணலைச் சுமந்து போகிறது. அந்தப் போக்குவரத்தில் பிறந்தவைதான் தீடைகள். சில ஆண்டுகளில் நீளும், சில ஆண்டுகளில் கரையும், இடம் நகரும். முதல் தீடை, இரண்டாம் தீடை என்று மீனவர்கள் எண்ணிச் சொல்வார்கள். இப்படி ஓயாமல் மணல் ஓடும் கடலில் வெட்டிய பள்ளம் எத்தனை நாள் பள்ளமாக இருக்கும்? ஆண்டுதோறும் எவ்வளவு அள்ள வேண்டும்? அள்ளியதை எங்கே கொட்டுவது? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு விழுங்கியதைப் போன்ற புயல் வந்தால் ஓர் இரவில் எவ்வளவு மூடும்?

இவை வெறும் ஐயங்கள் என்று தள்ளக்கூடியவை அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கனடாவில் வாழ்ந்த சுனாமி ஆய்வாளர் டாட் மூர்த்தி, ஆழப்படுத்திய கால்வாய் வருங்காலப் பேரலைக்கு வழி திறந்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். புவி அறிவியலாளர் சி.பி.ராஜேந்திரன் 2005இலேயே ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். இவ்வளவு பெரிய வேலை நடக்கும்போது நம் நாட்டுப் புவி அறிவியலாளர்கள் ஏன் வாய்மூடி இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் எல்லோரையும் சுட்டது, சுட வேண்டியதுதான். பொருளாதார ஆய்வாளர் ஜேக்கப் ஜான் கணக்குப் போட்டுக் காட்டினார்: தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பலுக்கு மிச்சமாகும் நேரத்தை எல்லாக் கப்பலுக்கும் மிச்சமாகச் சொல்லக்கூடாது, ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வரும் கப்பலுக்கு மிச்சம் மிகக் குறைவு, வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் செலவு வேறு.

கடலோர மாவட்டங்களில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களிலும் மீனவர்கள் இந்த மணல் ஓட்டத்தைத்தான் தங்கள் பேச்சில் சொன்னார்கள். எங்களுக்குப் படகு ஓட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: “சார், நாங்க வலை போடுற எடத்துல போன வருசம் இடுப்பளவு, இந்த வருசம் ஆளுக்கு மேல. அடுத்த வருசம் தீடையாவே நிக்கும். இதுல நிரந்தரமா வாய்க்கா வெட்டுறேங்குறாங்க. வெட்டுறவங்க எங்க கூட ஒரு வாடை, ஒரு கச்சான் முழுசா இருந்து பாத்தாங்களா?” இரண்டு பருவமும் இருந்து அளந்து பாருங்கள் என்றுதான் எந்த அறிவியல் குழுவும் சொல்லும். அவருக்கு அது வாழ்ந்து தெரிந்த விஷயம்.

இந்தக் கேள்விகளுக்கு விடை வருவதற்குள் 2007 வந்துவிட்டது.

தீடைகளை ராமர் கட்டிய பாலம் என்று வணங்குகிறவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் இறுதியில், அந்த அமைப்புக்குச் சேதம் வரக்கூடாது என்று நீதிமன்றம் தடை சொன்னது. செப்டம்பரில் மத்திய அரசின் பதில் மனு தாக்கலானது. ராமாயணம் போன்ற நூல்களை அதில் வரும் பாத்திரங்கள் வாழ்ந்ததற்கான வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது என்ற பொருளில் தொல்லியல் துறை அதில் சொல்லியிருந்தது. நாடெங்கும் கொதிப்பு. சில நாட்களில் மனு திரும்பப் பெறப்பட்டது. தொல்லியல் துறை அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று முதல்வர் கருணாநிதி கேட்டது இன்னொரு நெருப்பு. ஒரு மாதத்துக்குள் மணல், நீரோட்டம், மீன், புயல், செலவு எல்லாம் மேடையிலிருந்து இறங்கிவிட்டன. ராமர் இருந்தாரா, இல்லையா என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது.

அந்த வாரங்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. “சார், இயற்கையா, மனுஷன் கட்டினதா? ஒரே வரியில சொல்லுங்க.” நான் மணல் எப்படி வந்தது என்று தொடங்கினால், நேரமில்லை என்பார்கள். நான் சொன்னது இதுதான்: எங்கள் அளவீடுகளின்படி தீடைகள் நீரோட்டமும் அலையும் கொண்டுவந்து சேர்த்த மணலும், பவளமும், சுண்ணாம்பால் இறுகிய பாறையும். மனிதன் கட்டியதாகக் காட்டும் தடயம் எதையும் நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் என் குழாய்க்குத் தெரியாது. ராமர் இருந்தாரா என்று மண்ணைக் கேட்டால், மண் பதில் சொல்லாது.

நம்புகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் இறங்கி, கோவிலின் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, இறந்தவர்களுக்குக் கடன் செலுத்திப் போகிறவர்களை அந்தக் கரையிலேயே வேலை பார்த்தவன் எத்தனை முறை பார்த்திருப்பேன். என் தாயாரும் அப்படி வந்து போனவர்தான். அவர்களில் ஒருவரும் கல்லின் வயதை விசாரித்துவிட்டுக் கடலில் இறங்கவில்லை. ‘இது எங்கள் புனித இடம், தோண்டாதே’ என்பது முழுமையான வாதம். ஒரு குடியரசு அதைக் காதுகொடுத்துக் கேட்டு மற்ற நலன்களோடு வைத்துச் சீர்தூக்கலாம், சீர்தூக்கவும் வேண்டும். அந்த வாதத்துக்கு எங்கள் ஆய்வகத்தின் முத்திரை தேவையே இல்லை.

முத்திரையைத் தேடி வந்தார்கள் என்பதுதான் எனக்கு வலித்தது. நாசாவின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, பாலம் 17.5 லட்சம் ஆண்டுப் பழமை என்று ‘நாசாவே சொல்லிவிட்டது’ என்றார்கள். வானிலிருந்து எடுத்த படம் தீவு வரிசையின் வயதையோ அது உண்டான விதத்தையோ சொல்லாது என்று நாசாவே மறுத்தது. கார்பன் கணிப்பு 50,000 ஆண்டைத் தாண்டாது என்று முன்பே சொன்னேன். அந்த எண் ஆய்வகத்திலிருந்து வரவில்லை, திரேதா யுகக் கணக்கிலிருந்து வந்தது. யுகக் கணக்கை யுகக் கணக்கு என்றே சொல்லியிருந்தால் நான் கைகூப்பிக் கேட்டிருப்பேன்.

இன்னும் நுட்பமான வாதங்களும் வந்தன. துளையிட்ட மாதிரிகளில் தளர்ந்த மணலுக்கு மேலே பவளக் கற்கள் கிடக்கின்றன. பவளம் உறுதியான தரையில்தான் வேர்பிடிக்கும். ஆகவே யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று ஓய்வுபெற்ற புவி அறிவியலாளர்களே பேசினார்கள். முதல் இரண்டு வாக்கியமும் சரி. அந்தக் கற்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, வந்தவை. ஆனால் கொண்டுவருவதற்குப் புயலலைக்குக் கை வேண்டியதில்லை. ஆளுயரப் பவளக்கட்டிகளைத் திட்டின் விளிம்பிலிருந்து பெயர்த்துக் கரையில் எறிந்துவிட்டுப் போகும் அலைகள் உலகின் பல கடல்களில் பதிவாகியிருக்கின்றன. வரிசையாகச் செதுக்கி அடுக்கினாற்போல் தெரியும் பாறைப் பலகைகளுக்கும் காரணம் உண்டு. ஓதம் ஏறி இறங்கும் கரையில் சுண்ணாம்பு மணலை விரைவாகவே இறுக்கிப் பாறையாக்கும்; பின் அது நேர்கோடுகளில் வெடித்துத் துண்டாகும். தனுஷ்கோடிக் கரையில் நடந்தால் பார்க்கலாம். 2017இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கல்லுக்கு 7,000 வயது, அடியில் உள்ள மணலுக்கு 4,000 வயது, ஆகவே கட்டப்பட்டது என்று சொல்லப் போக, மறுபடி ஒரு சுற்று ஆரவாரம். இளைய மணல்மேல் மூத்த கல் கிடக்காத கடற்கரை உலகத்தில் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் நான் பேசும்போது மகிழ்ந்து கைதட்டியவர்கள் இன்னொரு பக்கம். அவர்களைப் பற்றியும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊரில் பேசிவிட்டு உட்கார்ந்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, “அப்ப ராமர் கட்டலைங்கிறீங்களா தம்பி?” என்றார். “அதைச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க ஐயா. இந்த மணல் எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சு, அதைத்தான் சொல்ல முடியும்” என்றேன். அவர் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார். உடனே பின்னாலிருந்து ஓர் இளைஞர், “என்ன சார் மழுப்புறீங்க? கட்டுக்கதைன்னு உடைச்சுச் சொல்லுங்க. அறிவியல்னா தைரியம் வேணும்” என்றார். நான் அவரிடம் கேட்டேன்: “தம்பி, கால்வாய் வெட்டினா ரெண்டு வருஷத்துல மணல் மூடிடும்னு இதே அறிவியல் சொன்னா, அதையும் உடைச்சுச் சொல்லலாமா?” அவர் முகம் மாறியது. “அது தமிழனோட கனவுத் திட்டம் சார்.”

எனக்கு அந்தப் பதில்தான் இந்த விவகாரத்தின் நடுக்கண்டம். அறிவியலைக் கொண்டு அடுத்தவர் நம்பிக்கையை அடித்தவர்கள், அதே அறிவியல் தங்கள் நம்பிக்கைக்கு முன் வந்து நின்றபோது வாசலில் நிறுத்தினார்கள். 150 ஆண்டுக் கனவு என்பதும் நம்பிக்கைதான். அதிலும் பக்தி இருக்கிறது, புனித நூல் இருக்கிறது, கேள்வி கேட்டவனைத் துரோகி என்பதும் இருக்கிறது. இரண்டு பக்கமும் நிபுணரைத் தேடியது சாட்சிக்கூண்டில் நிறுத்தத்தான். அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க யாரும் தயாராக இல்லை.

2007 தொடக்கத்தில் தீடைப் பகுதியில் வேலை செய்த தூர்வாரும் கப்பலின் ஊன்றுகால் முறிந்தது. அனுமனின் வேலை என்றது ஒரு கூட்டம். மூடநம்பிக்கை என்று சிரித்தது மற்றொன்று. மணலுக்கு அடியில் இருந்த அடுக்கு எவ்வளவு கடினம் என்று முன்கூட்டியே போதிய இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மக்கள் பணத்தைக் கேள்வி கேட்க அதைவிடச் சரியான நாள் வந்ததில்லை.

அதன் பிறகு நடந்தவை: 2008இல் மாற்றுப் பாதையை ஆராய ஆர்.கே.பச்சௌரி தலைமையில் குழு அமைந்தது. அந்தப் பாதை பொருளாதாரத்துக்கும் ஒத்துவராது, சூழலுக்கும் ஒத்துவராது என்று குழு சொன்னது. அமைத்த அரசே 2013இல் அந்த அறிக்கையை ஏற்காமல், பழைய பாதையிலேயே தொடர விரும்புவதாக நீதிமன்றத்தில் சொன்னது. மாநிலத்தில் அப்போது இருந்த அரசு திட்டமே வேண்டாம் என்றது. 2018இல் வேறொரு மத்திய அரசு, பாலத்துக்குச் சேதமில்லாமல் வேறு பாதை தேடுவதாகச் சொன்னது. 2022 டிசம்பரில், அது எத்தகைய அமைப்பு என்று உறுதியாகச் சொல்வது கடினம் என்று மத்திய அமைச்சர் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், திட்டத்தை மீண்டும் தொடங்கக் கோரித் தீர்மானம் போட்டது. மூத்த உறுப்பினர் முதல் புதியவர் வரை அன்று கனவைப் பற்றிப் பேசினார்கள். மணல் எவ்வளவு திரும்ப வரும் என்ற எண்ணுக்காகத்தான் என்னைப் போன்றவர்கள் காத்திருந்தோம்.

நல்ல வேலையும் நடக்காமல் இல்லை. இஸ்ரோ விஞ்ஞானிகள், ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளை வைத்து இந்தத் திட்டின் கடலடி வரைபடத்தை 2024இல் வெளியிட்டார்கள். நீளம் 29 கிலோமீட்டர், கடலடியிலிருந்து 8 மீட்டர் உயரம், 99.98 விழுக்காடு ஆழமற்ற நீருக்குள் மூழ்கியிருக்கிறது; குறுக்கே 2 முதல் 3 மீட்டர் ஆழத்தில் 11 குறுகிய வாய்க்கால்கள் ஓடி, மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே நீரைப் பரிமாறுகின்றன. தனுஷ்கோடி நிலமும் தலைமன்னார் நிலமும் கடலுக்கடியில் தொடர்வதுதான் இது என்று அவர்கள் முடிவுரைத்தார்கள். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை விவரிக்கத் தெரியவில்லை. யாரையும் வெல்வதற்காக எழுதிய தாளாக அது இல்லை. ஆனால் அது வந்த வாரத்தில் ஒரு சாரார் ‘பாலம் இருப்பது நிரூபணம்’ என்றும், மறு சாரார் ‘இயற்கை என்பது நிரூபணம்’ என்றும் எடுத்துக்கொண்டு போனார்கள். 11 வாய்க்கால்களைப் பற்றி எவரும் பேசவில்லை. மீன் எந்த வழியாக இரு கடலுக்கும் போய்வருகிறது, ஒன்றை அகலமாக வெட்டினால் மற்ற பத்தும் என்னாகும் என்பதற்கான தொடக்கம் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பேச்சு மறுபடி வரும். தேர்தல் வந்தால் வரும், தீர்ப்பு வந்தால் வரும். அப்போது உங்கள் ஊர் மேடையில் யாராவது ‘ஆய்வு சொல்கிறது’ என்று தொடங்கினால், தயவுசெய்து எழுந்து கேளுங்கள். பாலம் என்பவரிடம்: நீங்கள் சொல்லும் வயது கல்லினுடையதா, கல்லை அங்கே வைத்த செயலினுடையதா? கால்வாய் என்பவரிடம்: ஆண்டுக்கு எவ்வளவு மணல் திரும்பி வந்து விழும், அதை யார் காசில் அள்ளி எங்கே கொட்டுவீர்கள்? இருவரிடமும்: எத்தனை இடத்தில் துளையிட்டீர்கள், அந்த மண் மாதிரிகள் எங்கே இருக்கின்றன, வேறொருவர் பிரித்துப் பார்க்கலாமா? சேதுப் பகுதியில் இதுவரை எடுத்த ஒவ்வொரு துளையின் பதிவையும், ஒவ்வொரு காலக் கணிப்பையும் பள்ளி ஆசிரியரும் மீனவர் சங்கமும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைக்கச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல் எழுதுங்கள்.